அட்டைப்படத்து ரவிக்கை

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். சின்னதுகளிடம் சொன்னால் பாதியிலேயே கைப்பேசியைப் பார்க்கப் போய்விடும்.

போன மாதம் ஜொகூர் பாருவில் கோயிலுக்குப் போய்விட்டு, வெயில் தாங்க முடியாமல் பழைய கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்தேன். காப்பிக் கடை என்றதும் பளிங்கு மேசையும் எச்சில் கிண்ணமும் உங்கள் கண்ணில் வந்து நிற்கும். அதெல்லாம் இல்லை. சுவர் முழுக்கப் பத்திரிகைகள். அச்சடித்த, கனமான, முகர்ந்தால் மை மணக்கிற பத்திரிகைகள். அச்சுப் பத்திரிகையின் கதை முடிந்துவிட்டது என்று நானே எத்தனையோ பேரிடம் ஒப்பாரி வைத்திருக்கிறேன். இங்கே என்னவென்றால் காதில் மூன்று தோடு போட்ட பையன்கள் ஒரு தாளைத் தடவிப் பார்த்து, இன்னொருவனுக்குக் காட்டி, திரும்பவும் தடவுகிறார்கள். புடவைக் கடையில் நாம் செய்வது போலவேதான்.

நானும் ஒன்றை எடுத்தேன். அட்டையில் ஒரு பெண் முகம். உதட்டுச் சிவப்பு உதட்டின் மேல் விழாமல் சற்றே வலப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. கடையில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, இது அச்சுக் கோளாறு, வேறு பிரதி கொடு என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, அது வேணும்னே செஞ்சது லா. அதுதான் டிசைன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் என்னவென்று சொல்ல? அப்படித் தள்ளி விழுந்த சிவப்பால் ஒரு வீடே பேச்சுமூச்சில்லாமல் போனதைப் பார்த்தவள் நான்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை. அம்மாவுக்குப் பிரசவ நேரம். நான் வீட்டில் இருந்தால் வாயாடுவேன், ஒரு வேலைக்கும் ஆகமாட்டேன் என்று என்னை ரெங்கம் பட்டணத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் தங்கை. சித்தப்பா தோட்டத்து லோரி டிரைவர். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்தின் கோடியில் டிரைவருக்கென்று கொடுத்த பலகை வீடு. மழைக்காலம். சுற்றிலும் ரப்பர் மரங்கள். துணி காயாமல் வீட்டுக்குள் ஒரு புளித்த வாசம் எப்போதும் இருக்கும்.

சின்னம்மா தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். ஜன்னலோரத்தில் கால்மிதித் தையல் மிசின். மிசினுக்கு அடியில் பால்டின் வந்த மரப்பெட்டி. அந்தப் பெட்டி நிறையப் பத்திரிகைகள்.

உங்களுக்கு நினைவிருக்கும், அவை எப்படி வரும் என்று. மெட்ராஸில் கப்பலேறி, சிங்கப்பூரில் இறங்கி, பாலம் தாண்டி, பஸ் கூரையில் மழையில் நனைந்து ரெங்கத்து மளிகைக் கடைக்கு வந்து சேர்வதற்குள் அங்கே உலகமே மாறிப்போயிருக்கும். தீபாவளி மலர் நமக்கு எப்போது வந்தது? தீபாவளிப் பலகாரம் தீர்ந்து, முறுக்கு டின்னைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வரும். அதற்காக யாரும் குறைபட்டுக்கொண்டதில்லை. புத்தகம் வந்த அன்றைக்குத்தான் எங்களுக்குத் தீபாவளி.

பிரித்ததும் ஒரு வாசம் அடிக்குமே, மையும் மண்ணெண்ணெயும் கப்பலடி ஈரமும் சேர்ந்த வாசம். அட்டை வழுவழுவென்று இருக்கும். உள்தாள் சொரசொரவென்று, சில பக்கம் பச்சை மை, சில பக்கம் ஊதா மை. நடுவில் இரண்டு கம்பிப் பின். நம் ஊர் ஈரத்தில் அது ஒரே வாரத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்துச் சாமி படத்தின் மடியில் பழுப்புக் கறை விடும். தொடர்கதைத் தலைப்புகளை அச்செழுத்தில் போடமாட்டார்கள். ஓவியர் கையால் எழுதியிருப்பார். பேய்க்கதை என்றால் எழுத்தெல்லாம் முள்முள்ளாக நிற்கும். சிரிப்புக் கதை என்றால் எழுத்துகளுக்குக் கால் முளைத்து ஓடும்.

சின்னம்மா உயிரை விட்ட தொடர்கதைக்கு மல்லிகைக் கொடி எழுத்து. கடைசி எழுத்தின் சுழி நீண்டு, இலை விட்டு, மொட்டு விட்டு, கீழே நிற்கிற கதாநாயகியின் தோளைச் சுற்றிக்கொண்டு போகும். பெரிய கண்ணும் மெலிந்த கழுத்துமாக ஒரு பெண். வாராவாரம் அதே முகம், வேறு வேறு இடத்தில். சின்னம்மா கதையைப் படித்துவிட்டு, பிறகு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். சோறு குழையும்.

சித்தப்பாவுக்கு இது பிடிக்காது. பிடிக்காது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் மலாய்ப் பேப்பர் படிப்பார். சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டுக் குளித்து, வாசற்படியில் உட்கார்ந்து, பேப்பரை அகல விரித்து ஒரு எழுத்து விடாமல் படிப்பார். லயத்தில் யாருக்காவது அரசாங்கக் காகிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால் அவருக்குப் படித்தவர் என்று பெயர். சின்னம்மாவின் புத்தகங்களைப் பார்த்தால் மட்டும் முகம் சுளிப்பார். குழம்பில் உப்பு கூடினால் புத்தகத்தைக் குறை சொல்வார். ரசத்தில் புளி குறைந்தாலும் புத்தகம்தான் காரணம்.

ஆனால் சின்னம்மா குளிக்கப் போயிருக்கும்போது அவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். சில பக்கத்தில் நிற்பார். காலடிச் சத்தம் கேட்டால் வைத்துவிடுவார். அதைச் சின்னம்மாவிடம் சொன்னேன்.

"கெட்ட கத எதுவும் இருக்கான்னு சோதன போடுறாரு" என்றாள் சின்னம்மா. நானும் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் எவ்வளவு புத்தி பாருங்கள்.

சின்னம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. ரெங்கம் பட்டணத்தில் மளிகைக் கடை முன்னால், ஐந்தடி என்கிற கூரை போட்ட நடைபாதையோரமாக ஒரு மூலை காலியாக இருந்தது. மிசினை அங்கே கொண்டுபோய்ப் போட்டு, ஒரு பலகை மாட்டி, நாலு பேர் வந்து போகிற இடத்தில் தைக்க வேண்டும். அதை அவள் சித்தப்பாவிடம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போயிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக் கிராணி வீட்டில் பெரிய பெண்ணுக்குப் பரிசம் குறித்தார்கள். கிராணி என்றால் ஆபீஸில் உட்கார்ந்து யாருக்கு எந்த வேலை என்று எழுதுகிறவர். சித்தப்பாவுக்கு எந்த லோரி, எந்தப் பாதை என்பதெல்லாம் அவர் பேனா முனையில். அந்த வீட்டுக்காரம்மா, எல்லாருக்கும் கிராணியம்மா, சின்னம்மாவைத் தேடி வந்துவிட்டார். கையில் அப்போதுதான் வந்த தீபாவளி மலர். அட்டையில் விளக்கேந்திய ஒரு பெண். நீலப் புடவை, இலைப்பச்சை ரவிக்கை. பரிசப் பெண்ணுக்கும் அவள் தங்கைகளுக்கும் அதே மாதிரி ரவிக்கை வேண்டும், அச்சு அசலாக அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்றார். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போங்களேன் என்று சின்னம்மா கேட்டாள். கிராணியம்மா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னும் நான் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் என்ன, சின்னம்மாவிடமும் அதே மலர் இருந்ததே.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சித்தப்பா, "கிராணி வீட்டு வேலய ஒழுங்கா முடி. அந்த மூலைக்கு நானே போயிக் கேக்குறேன்" என்றார். சின்னம்மாவுக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. எனக்கு அவள் தட்டில் இருந்த பொரித்த மீனும் கிடைத்தது.

மறுநாள் அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். பச்சை ரவிக்கையின் கை முடிகிற இடத்திலும் கழுத்தோரத்திலும் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. ஒரு பக்கம்தான் தெரிந்தது. மறுபக்கம் நிழலில் மறைந்திருக்கிறது என்று தீர்மானித்தாள். பச்சை ஓரத்தில் சிவப்புக் கரை வைத்துத் தைக்கிற வழக்கமே அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது. சின்னம்மாவுக்கு அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து ஆசை தீரவில்லை. மெட்ராஸ்காரி எவளோ எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறாள் என்று அவளை வாழ்த்தினாள்.

அட்டைப் பெண்ணின் பொட்டுகூட நெற்றி நடுவில் இல்லாமல் ஒரு புருவத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. "இப்ப அங்கெல்லாம் இப்படித்தான் வைக்கிறாங்க போல" என்று சொல்லி, சின்னம்மா தானும் ஒருநாள் அப்படியே வைத்துக்கொண்டு பைப்படிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பைப்படியில் எல்லாரும் அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

பிற்காலத்தில் நான் ஜொகூர் பாருவில் ஓர் அச்சகத்து ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வண்ணப்படத்தை ஒரே தடவையில் அடிக்கமாட்டார்கள். மஞ்சள் தனி, சிவப்பு தனி, நீலம் தனி. ஒவ்வொன்றும் அதே தாளின் மேல் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். தாள் ஒரு நூலளவு நகர்ந்தாலும் சிவப்பு தன் இடம் விட்டு வெளியே போய் நிற்கும். சின்னம்மாவின் பிரதியில் நகர்ந்திருந்தது. கிராணியம்மாவின் பிரதியில் நகரவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் ரெங்கத்துத் தோட்டத்தில் அதை யார் கண்டார்கள்? நமக்கெல்லாம் அச்சில் வந்தால் அது உண்மை.

சின்னம்மா தைத்த ரவிக்கைகளைப் போல நான் அப்புறம் பார்க்கவே இல்லை. சும்மா சொல்லக் கூடாது. பச்சையின் விளிம்பில் அந்தச் சிவப்பு வளைந்து வளைந்து ஓடுவதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். மடித்து, தலையணைக்கு அடியில் வைத்து அழுத்தி, மஞ்சள் தடவிய தாளில் சுற்றி வைத்தாள்.

கிராணியம்மா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வீட்டில் இருந்தார். மரியாதைக்குப் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றார். கிராணியம்மா தாளைப் பிரித்தார். ஒரு ரவிக்கையைத் தூக்கிப் பிடித்தார். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"என்னம்மா இது, செவப்பு? நான் அட்டையில உள்ள மாதிரிதானே கேட்டேன்."

சின்னம்மா சுவரைக் காட்டினாள். கிராணியம்மா தன் பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். அதே பெண், அதே விளக்கு, அதே புடவை. ஆனால் சிவப்புக் கரை இல்லை. பொட்டு நெற்றி நடுவில் இருந்தது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிராணியம்மா விடவில்லை. சிவப்புப் பென்சிலால் நீயே கோடு போட்டுக்கொண்டாயா என்று கேட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொன்னார். கடைசியில் சித்தப்பாவின் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல், சிரித்துக்கொண்டே, "டிரைவர், கதப்புத்தகம் படிக்கிற நேரத்துல ஒங்க வீட்டுல கொஞ்சம் தையல் படிச்சிருக்கலாம்" என்றார். அந்தச் சிவப்பைப் பிரித்தெடுத்துவிட்டு அனுப்பச் சொல்லிப் போய்விட்டார்.

சித்தப்பா அந்த அட்டையின் முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அன்று அவர் பக்கம் திருப்பியதாகவே எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது மிசினுக்கு அடியில் பெட்டி இல்லை. தரையில் பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. சாயங்காலம் சித்தப்பா வந்ததும் சின்னம்மா கேட்டாள். ரெங்கம் பஸ் நிற்கிற இடத்தில் கச்சாங் பூத்தே விற்கிறவனிடம் கொடுத்துவிட்டேன் என்றார். கடலை, பட்டாணி, பொரித்த மாவு எல்லாம் தாளில் சுருட்டி விற்பானே, அவனிடம். சின்னம்மா அழவில்லை. "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. நான் பாதி படித்திருந்த புத்தகமும்தானே போனது. அவர் செருப்பைக் கொண்டுபோய் மழையில் வைத்தேன். அவர் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருந்தேன். சின்னம்மாவோ குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு ரவிக்கையிலும் சிவப்பைப் பிளேடு முனையால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்த துணி நார் நாராய்க் கிழிந்து வந்தது. பிரித்து முடித்து மிசின் மேல் ஒரு பழைய சாரோங்கைப் போட்டு மூடினாள்.

இந்த நேரத்தில் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். சாயங்காலம் வரும்போது கையில் ஒரு கச்சாங் சுருள். மிசின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் கடலை தின்னமாட்டார். கடைவாய்ப் பல் சொத்தை. சின்னம்மா சுருளை என்னிடம் தந்தாள். நான் கடலையைத் தட்டில் கொட்டினேன். தாள் விரிந்தது. மல்லிகைக் கொடி எழுத்து. கீழே அந்தப் பெண் எண்ணெய்க் கறையில் நனைந்து நின்றாள்.

சின்னம்மாவின் முகம் வெளிறிப்போனது. "குத்திக் காட்டுறாரு பாரு" என்றாள்.

மறுநாளும் ஒரு சுருள் வந்தது. அதற்கு மறுநாளும். எல்லாம் அந்தத் தொடர்கதைத் தாள்தான். வேறு கதை வரவே இல்லை. அவளுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதையே பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்து வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது என்று நானும் நினைத்தேன். ஆனாலும் சின்னம்மா ஒரு தாளையும் தூக்கிப் போடவில்லை. உமியைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு, பாய்க்கு அடியில் வைத்தாள். வீடு முழுக்கக் கடலை வாசம். எலி வேறு வர ஆரம்பித்துவிட்டது.

பரிசத்துக்கு முந்தின வாரம் கிராணி வீட்டுப் பெரிய பெண்ணே சைக்கிளில் வந்தாள், ரவிக்கையைப் போட்டுப் பார்க்க. அதிகம் பேசாத பெண். பச்சை ரவிக்கையைக் கையில் வாங்கி, புரட்டி, ஓரத்தைத் தடவினாள். அம்மா வீட்டில் திட்டித் தீர்த்த அந்தச் சிவப்பு எங்கே என்று கேட்டாள். அம்மாதான் பிரிக்கச் சொன்னார்கள் என்றாள் சின்னம்மா.

"அம்மா சொன்னது இருக்கட்டும். போட்டுக்கப் போறது நான்தானே? எனக்கு அது வேணும் அக்கா" என்றாள் அந்தப் பெண்.

அந்தச் சிவப்புக் கரை அதன் பிறகு தோட்டம் தோட்டமாய்ப் பரவி, கூலாய் வரைக்கும் போய், மாமியார் மருமகள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள் என்பதும், அந்த ஐந்தடி மூலையில் சின்னம்மாவின் மிசின் வெகுகாலம் ஓடியது என்பதும் பின்னால் நடந்தவை. அன்றைக்குச் சின்னம்மா சந்தோஷப்படக்கூட இல்லை. சரி என்று மட்டும் சொன்னாள். பிரித்த சிவப்புத் துணி கிழிந்துவிட்டதால் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு ரெங்கத்துக்குப் புறப்பட்டாள்.

துணி வாங்கிவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். கச்சாங்காரர் தலையில் தட்டு வைத்து விற்கிற வழக்கத்தை விட்டு ஒரு முக்காலியில் கடை விரித்திருந்தார். பக்கத்தில் எங்கள் புத்தகங்கள். பின்னைக் கழற்றி, தாள் தாளாகப் பிரித்து, கல் வைத்து அடுக்கியிருந்தார். சின்னம்மா பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, டிரைவர் ஊட்டுக்காரம்மாதானே நீ? ஒம் புருசனுக்கு என்னாம்மா கோளாறு? நெதம் வர்றாரு. கச்சாங் மேல கண்ணே இல்ல. தாளையெல்லாம் கெளறுறாரு. பூக்கொடி போட்ட எழுத்தும் இந்தப் பொண்ணு மொகமும் இருக்கிற தாளத் தேடி எடுத்து, இதுல சுத்திக் குடுங்கிறாரு. மொத்தமா எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். இல்ல, நான் கச்சாங் வாங்கத்தான் வந்தேங்கிறாரு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மானம் போய்விடும், கச்சாங் வாங்கினால் போகாது. அந்தக் கணக்கு எனக்கே புரிந்தது. சின்னம்மா சிரிக்கவில்லை. அந்த அடுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து தாள்களைப் புரட்ட ஆரம்பித்தாள். கிணற்றடியில் அந்தப் பெண் நிற்கிற தாள் நேற்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தது. அதன் தொடர்ச்சித் தாள் இங்கே மேலாகவே கிடந்தது. பெட்டியோடு வாசலில் நிற்கிற தாள் அதற்கு முந்தின நாள் வந்தது. அதன் தொடர்ச்சியும் இங்கேதான் இருந்தது. தொடர்ச்சித் தாள்களில் படம் கிடையாது. எழுத்து மட்டும்தான்.

"இத ஏன் அவரு எடுக்கல?" என்று சின்னம்மா கேட்டாள். கச்சாங்காரரிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பஸ் வந்தது. தாளை இருந்த இடத்திலேயே வைத்துக் கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். பஸ்ஸில் பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் எங்கேயோ விழுந்துவிடுவேன் என்கிற மாதிரி.

நாம் எல்லாரும் அப்படித்தான், இல்லையா? அவர் படிக்கமாட்டார் என்று நினைத்தோம். அவரால் தமிழ் படிக்க முடியாது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. மலாய்ப் பேப்பரை அவ்வளவு அகலமாக விரித்துப் படிக்கிற மனுஷன். கட்டின பெண்டாட்டிக்கே தெரியவில்லை என்றால் எனக்கெங்கே தெரியும்? அவருடைய அப்பா ரயில் பாதையில் வேலை பார்த்தவர். மலாய்க்காரர்களின் கிராமத்தில், கம்பம் என்பார்களே அங்கே, வளர்ந்தவர் சித்தப்பா. அது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. சித்தப்பா வந்தார். வழக்கம் போலச் சுருளை மிசின் மேல் வைக்கப் போனார். சாரோங்கை எடுத்துவிட்டுச் சின்னம்மா தைத்துக்கொண்டிருந்ததால் வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சின்னம்மா எழுந்து அதை வாங்கினாள். கடலையைத் தட்டில் கொட்டி என் பக்கம் தள்ளினாள். தாளைத் தொடையில் வைத்து நீவி விட்டாள். படத்தில் அந்தப் பெண் ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எந்த இடம்னு தெரியுதா?" என்று சின்னம்மா கேட்டாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

சித்தப்பா அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கே அந்தக் கணம் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஆனால் கடலைத் தட்டு என் மடியில் இருந்தது, எழுந்தால் சிந்தும்.

"எங்க கம்பத்துல தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்ல" என்றார். பிறகு படத்தின் மேல் விரல் வைத்தார். "இவ புருசன் இவ மேல கோவிச்சுக்கிட்டுக் கப்பல் ஏறிட்டான். அன்னைக்குப் பெட்டியோட நின்னா, அவன வழியனுப்ப. அப்புறம் கெணத்தடியில அழுதா. இப்ப வழிபாத்துக்கிட்டு நிக்கிறா. அவன் திரும்பி வந்தானா?"

எவ்வளவு நாளாக அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து, படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தனக்குத் தானே அந்தக் கதையை அவர் கோத்திருக்கிறார் என்று பாருங்கள். நான் அவர் செருப்பை மழையில் வைத்தவள்.

"கப்பல் ஏறுனது அவ அண்ணன்" என்றாள் சின்னம்மா.

"அப்ப புருசன்?"

"புருசன் எங்கயும் போகல. வீட்டுலதான் இருக்கான். ரெண்டு பேருக்கும் பேச்சுதான் இல்ல."

சித்தப்பா லோரிச் சாவியை ஆணியில் மாட்டினார். குளிக்கப் போகவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிசின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையெல்லாம் ரப்பர் பால் காய்ந்த கறை.

"மொதல்லேர்ந்து படி" என்றார்.

சின்னம்மா பாய்க்கு அடியிலிருந்து தாள்களை எல்லாம் எடுத்து வரிசைப்படுத்தி, முதல் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படிக்கத் தொடங்கினாள். முன்பக்கம் முடிந்தது. பின்பக்கம் முடிந்தது. ஒரு வாக்கியம் பாதியில் நின்றது, அதற்கு மேல் தாள் இல்லை. சின்னம்மா நிறுத்தாமல் மேலே சொல்லிக்கொண்டே போனாள்.